பதினேழாம் நம்பர் சரக்கு

ராஜாங்கத்தின் நெஞ்சின் மேல் கிடந்து ஸ்கேனர் நடுங்கியது. கண்ணைத் திறக்காமலே அவர் அதைத் தட்டிக்கொடுத்தார், அழுகிற பிள்ளையைத் தட்டுவதுபோல. அது அடங்கவில்லை.

மத்தியான வெயில் கூரை ஓட்டை வழியாகக் கோடவுனுக்குள் ஒரு கோலாக இறங்கி, வைக்கோல் தூசியில் மிதந்துகொண்டிருந்தது. ரேக்குகளில் பீங்கான் யானைகளும் குதிரைகளும் வாத்துகளும் சாயம் பூசிய கண்களால் அவரையே பார்த்தன. சற்று முன்புவரை அவை அத்தனையும் இறங்கி, மணிமுத்தாற்று மணலில் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. அவரும் கூடவே நடந்தார். ஆற்றில் தண்ணீர்கூட ஓடியது. அதை விட்டுவிட்டு எழுந்திருக்க யாருக்கு மனம் வரும்?

கடைசியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"17. நகரவில்லை. இடம்: வைக்கோல் மூலை."

வரி சிவப்பாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்து மூலையைப் பார்த்தார். பொம்மைகளைப் பெட்டியில் கட்டுவதற்கான வைக்கோல் குவிந்திருந்தது. அதில் அவர் படுத்த பள்ளம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

இந்த ஸ்கேனர் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. முதலாளி மகள் மதிவதனியின் ஏற்பாடு. வெளியூர் ஆள் ஒருவன் வந்து பொம்மைப் பெட்டி, ஏணி, தராசு, தள்ளுவண்டி என்று கம்பெனியில் உள்ள எல்லாவற்றுக்கும் நகம் அளவு வில்லையை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனான். கூரையில் அங்கங்கே வெள்ளைத் தட்டு மாட்டினான். சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டிக்குள்ளும் ஒன்று. எது எங்கே இருக்கிறது, எது நகர்கிறது என்று அந்தத் தட்டுகள் ஸ்கேனருக்குக் கோள் சொல்லும்.

அதே நாளில் எல்லோருக்கும் நீலச் சட்டையும் கிடைத்தது. பையின் மேல் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது. ராஜாங்கம் அதைக் கண்ணாடி முன்னால் நின்று படிக்கப் பார்த்து, எழுத்தெல்லாம் திரும்பி நின்றதால், கழற்றி வைத்துப் படித்தார். காலர் மட்டும் கழுத்தில் கொஞ்சம் உறுத்தியது. புதுத்துணி அப்படித்தான் இருக்கும்.

"ராஜாங்கண்ணே!"

வாசலில் மதிவதனி நின்றாள். ராஜாங்கம் தலையிலிருந்த வைக்கோலை அவசரமாகத் தட்டினார்.

"இந்தப் பதினேழு எங்க?"

"அதத்தாங்க மேடம் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்."

"நாலு நாளா பாக்கறேன். காலையில எங்கெங்கியோ இருக்குது. சாப்பாட்டு மணி அடிச்சா இந்த மூலைக்கு வந்துடுது. அப்புறம் அசையறதே இல்ல. சரக்குக்குக் காலு மொளைச்சிருக்குதா?"

"மொளைக்காதுங்க."

"அப்ப யாரோ கொண்டாந்து மறைச்சு வக்கிறாங்க. நேரம் பாத்துக் கடத்தறதுக்கு."

கோடவுன் சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னா சரக்குங்க அது? யானையா, குதிரையா?"

"பேரெல்லாம் இன்னும் ஏத்தல, நம்பருதான் இருக்குது. பதினாறப் பாருங்க, காலையிலேருந்து நிக்காம ஓடுது. அது மாதிரி நாலு சரக்கு இருந்தா கம்பெனி பொழைச்சுக்கும். இந்தப் பதினேழுதான் மூதேவி." அவள் குரலைத் தணித்தாள். "நகராத சரக்கையெல்லாம் பாதி வெலைக்குத் திட்டக்குடி கடைக்குப் பேசி முடிச்சாச்சு. சாயங்காலம் வண்டி போவுது. பதினேழு அதுல ஏறணும். ஏறலன்னா, திங்கக்கெழமலேருந்து நீங்க வூட்லயே இருங்கண்ணே. சாவிய அப்பா வேற ஆளுக்கிட்டக் குடுத்துக்குவாரு."

அவள் போன பிறகும் சாவி கொஞ்ச நேரம் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. கம்மாபுரத்துக் காணி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு ராஜாங்கத்தின் கையில் மிஞ்சிய ஒரே சாவி அது. குடியிருக்கும் வாடகை வீட்டுச் சாவிகூட மனைவி வீரம்மாளின் முந்தானையில்தான் இருந்தது.

வேப்பமரத்தடியில் கோவிந்தசாமி மேலுக்கு ஒன்றுமில்லாமல் மல்லாந்து கிடந்தார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"அண்ணே, பதினேழாம் நம்பரு எதுன்னு தெரியுமா?"

கோவிந்தசாமி கண்ணைத் திறக்காமலே சிரித்தார். வயிறு மட்டும் குலுங்கியது. "தெரியும், தெரியாம என்னா. ஏன்டா, சட்டயக் கழட்டிட்டுத் தூங்குடான்னு எத்தினி தடவ சொல்றேன்? கேக்கறியா?"

"நான் என்னா கேக்கறேன், நீ என்னாண்ணே சொல்ற?"

"ஒடம்புக்குக் காத்து வேணும்டா."

"புதுச் சட்டண்ணே. கழட்டிப் போட்டா எவனாவது அடிச்சிக்கிட்டுப் போயிடுவான்."

"அப்ப போட்டுக்கிட்டே அலை," என்று கோவிந்தசாமி புரண்டு படுத்தார்.

அந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை. ராஜாங்கம் மூலைக்குத் திரும்பி, வைக்கோலைக் கட்டுக் கட்டாக அள்ளி வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார். அடியில் எங்காவது பதினேழு கிடக்கும். கடைசிக் கட்டையும் கொட்டிவிட்டு ஸ்கேனரைப் பார்த்தார்.

"17. நகர்ந்தது. இடம்: வாசல்."

"ஆப்புட்டுச்சு!" என்று வைக்கோலுக்குள் பாய்ந்து துழாவினார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. வைக்கோல் முற்றமெங்கும் பறந்து, வெள்ளை மண் குவியல் மேலும் சூளைப் பக்கமும் பொன்னிறமாக மெல்ல மெல்ல இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கிருந்தோ நாலு ஆடுகள் வந்து சேர்ந்தன.

பொம்மை கட்டும் திரௌபதி ஓடி வந்தாள். "யோவ் மாமா! பெட்டி கட்ட நான் எதய வக்கிறது, உன் தலமயிரையா? சட்டைங்களுக்கு ஒவ்வொண்ணா காலரப் பிரிச்சுத் தச்சதும் நான், இப்ப வைக்கோலு பொறுக்கறதும் நானா?"

"திட்டாத புள்ள. பதினேழக் காணோம். என் பொழப்பே போவப் போவுது."

அவள் குரல் இறங்கியது. "அந்த மிஷின்லதான் தேடற பொத்தான் இருக்குதே. அத அமுக்கிப் பாரு. கேட்டத மட்டும் மோப்பம் புடிக்கும். கிட்டப் போனா கத்தும்."

அமுக்கினார். நம்பரைத் தட்டினார். உடனே ஸ்கேனர் வீறிட்டுக் கத்தியது.

"இங்கதான் இருக்குது!" என்றாள் திரௌபதி.

தொட்டியடிக்குப் போனார். கத்தியது. சூளைப் பக்கம் போனார். அங்கும் கத்தியது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இன்னும் உரக்கக் கேட்டது.

வெளியே வந்து மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. நாலடி நடந்து சட்டென்று திரும்பினார். ஆடு ஒன்று அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"என் பின்னாலயே வருது புள்ள," என்றார் கிசுகிசுப்பாக.

"எது?"

"பதினேழு."

திரௌபதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மாமா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா."

ஆனால் ராஜாங்கத்துக்குப் பயம் வரவில்லை. மூதேவி என்று பேர் வாங்கிய சரக்கு, வாங்க ஆளில்லாத சரக்கு, போக்கிடம் இல்லாமல் அவர் பின்னால் வருகிறது. மத்தியானத்தில் கொஞ்சம் அசந்து படுத்தால் அதுவும் ஒரு குற்றமா? அவருக்கு அதன்மேல் இரக்கம் சுரந்தது. ஏனோ அது யானையாகத்தான் இருக்கும் என்றும் பட்டது.

பட்டதும் ஞாபகம் வந்தது. கடைசி ரேக்குக்குப் பின்னால் ஒரு யானை இருந்தது. இடுப்புயரம், ஒரு காது உடைந்தது. வருஷக்கணக்காக யாரும் தொடவில்லை. அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஸ்கேனர் கத்து கத்தென்று கத்தியது.

"நீதானா! ஒன்ன எங்கெல்லாம்டா தேடறது?"

யானையைச் சுமந்துகொண்டு நடந்தார். "17. நகர்கிறது. இடம்: தொட்டியடி." இன்னும் நடந்தார். "17. நகர்கிறது. இடம்: வாசல்." சந்தேகமே இல்லை. வியர்வையும் சிரிப்புமாகக் குட்டியானை வண்டியில் அதை ஏற்றி, தானும் ஏறி நிமிர்த்தி வைத்தார். ஸ்கேனர் திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

"17. ஏற்றப்பட்டது. மிக நன்று."

மிக நன்று என்ற சொல்லை இரண்டு தரம் படித்தார். அவரிடம் அதை யாரும் சொன்னதில்லை. குதித்துக் கீழே இறங்கினார்.

"17. இறக்கப்பட்டது."

சிவப்பு.

திரும்பிப் பார்த்தார். யானை வண்டியில்தான் நின்றது. ஏறினார். பச்சை. இறங்கினார். சிவப்பு. யானையின் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, அதன் கண்ணைப் பார்த்தபடியே பின்புறமாக இறங்கினார். சிவப்பு.

வண்டி ஓட்டும் கார்முகில் டீயை உறிஞ்சியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னா சித்தப்பா, ஒடற்பயிற்சியா?"

"நான் பக்கத்துல இருந்தாத்தான்டா எறங்காம இருக்குது. என்ன விட்டுட்டுப் போவ மனசில்ல அதுக்கு."

"எதுக்கு?"

"யானைக்கு."

கார்முகிலுக்குப் புரை ஏறியது.

ராஜாங்கம் மறுபடி ஏறி, யானையின் மேல் கை போட்டு உட்கார்ந்தார். பச்சை நிலைத்தது. மாடி ஜன்னலிலிருந்து மதிவதனியின் குரல் வந்தது. "பச்ச வந்துடுச்சு! ராஜாங்கண்ணே, சூப்பர்! கார்முகில், வண்டிய எடு!"

"மேடம், நான்..."

வண்டி நகர்ந்தது. குதித்துவிடலாம். குதித்தால் சிவப்பு. சிவப்பென்றால் சாவி இல்லை. ராஜாங்கம் யானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பழமலைநாதர் கோயில் கோபுரம் பின்னால் நகர்ந்தது. பெண்ணாடம் ரோட்டில் சாயங்காலக் காற்று ஈரமாக வந்தது. நெல்வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயின. தன்னைச் சும்மா உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்ட ஒரு வண்டி இருக்குமென்று அவர் நினைத்ததே இல்லை. வண்டிப் பக்கக் கொக்கியில் ஒரு நீலத்துணி தொங்கி, காற்றில் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வண்டி துடைக்கிற துணியாக இருக்கும். அதை எடுத்துச் சுருட்டித் தலைக்கு வைத்தார். இருந்த கொஞ்சம் வைக்கோலை முதுகுக்குப் பரப்பினார்.

இந்தத் தடவை ஒற்றைக்காது யானைதான் முன்னால் நடந்தது. ஆறு அகன்று ஏரியாகியிருந்தது. யானை திரும்பிப் பார்த்து, "எவ்வளவு நாள்தான் ஒரே மூலையில் கிடப்பது?" என்று கேட்டது. "அதானே," என்றார் ராஜாங்கம். இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். குளிர்ச்சியாக இருந்தது.

"எழுந்திரிங்க சித்தப்பா. திட்டக்குடி வந்துடுச்சு."

பாத்திரக்கடை வாசல். கடைக்கார அம்மா ஒரு கையில் பில்லும் மறுகையில் விசிறியுமாக நின்றிருந்தார். மற்ற பெட்டிகளெல்லாம் இறங்கிவிட்டன. கடைசியாக யானையும் இறங்கி வாசலில் நின்றது. அதைச் சுற்றி வந்து பார்த்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"என்னா தம்பி இது? ஒத்தக் காத வச்சிக்கிட்டு? பாதி வெலைன்னாங்க, பாதி யானைன்னு சொல்லலியே."

"பதினேழாம் நம்பருங்க," என்றார் ராஜாங்கம் உள்ளேயிருந்து, கண்ணைக் கசக்கியபடி. "பாக்கத்தான் இப்பிடி. ரொம்பப் பாசமான சரக்குங்க."

"பில்லுல இருக்கறதுதான் எனக்கு வேணும். மிஷின வச்சு அடிச்சுக் காட்டு."

கார்முகில் ஸ்கேனரை வாங்கி யானையின் நெற்றிக்குக் கொண்டுபோனான். பிறகு வயிறு, வால். எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி முனகியது, கிட்ட வந்ததற்கான கூச்சல் இல்லை. "தூங்குது போல," என்றார் ராஜாங்கம் கவலையுடன். "இருடா, நான் தொட்டாத்தான் பேசும்."

அவர் இறங்கி வந்து குனிந்து யானையை அணைத்தார். ஸ்கேனர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. திரையில் பச்சை.

"17. ஒப்படைக்கப்பட்டது. நன்றி."

"பாத்தீங்களா!" ராஜாங்கத்தின் கண்ணில் நீர் தளும்பியது. இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி இருந்தது. "என் வேலைக்கு இனிமே ஒண்ணும் ஆவாது. கார்முகிலு, வா, வூட்டுக்குப் போவலாம்."

கார்முகில் நகரவில்லை. ஸ்கேனரை யானையிடமிருந்து எடுத்து, ராஜாங்கத்தின் காலருக்குப் பக்கத்தில் பிடித்தான். அது அலறிய அலறலில் கடைக்கார அம்மாவின் விசிறி கீழே விழுந்தது. கார்முகில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கிச் சொன்னான்:

"கோவிந்தசாமி பெரியப்பா தெனமும் அவரு சட்டைய என் வண்டியில மாட்டி உட்டுட்டுத் தூங்கறது எதுக்குன்னு நெனச்சீங்க சித்தப்பா? நீங்க தலைக்கு வச்சிக்கிட்டு வந்தீங்களே, அதுதான் பதினாறு. யானைய நான் திருப்பிக் கொண்டு போறேன், பில்லுப்படி இங்க எறங்க வேண்டியது நீங்கதான்!"