யார் யாருக்கு என்ன வேண்டும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, என் அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மேலே படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

உன் மகனுக்கு எங்கள் குடைக் கம்பெனியில் ஒரு வேலை பார் என்று மூன்று கடிதம் போட்டுவிட்டாய். மூன்றாவதில் ‘நீயெல்லாம் ஒரு தாய்மாமனா’ என்றும் கேட்டிருக்கிறாய். தாய்மாமன்தான் அக்கா, இப்போது அதுதான் தடையே. சொந்தக்காரர்கள் ஒரே கம்பெனியில் இருக்கக் கூடாது, இருந்தால் ஒருவர் வெளியேற வேண்டும் என்று பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் முதலாளி, முதலாளியின் தம்பி, முதலாளியின் மகன். ஒட்டியவர் புது மேனேஜர். அவர் முதலாளியின் மாப்பிள்ளை. நான் கம்பி மாட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர், உன் தம்பி பெண்டாட்டி செக்கிங். நாங்கள் முடித்து அனுப்புகிற ஒவ்வொரு குடையையும் மூன்று தடவை விரித்து மடக்கிப் பார்த்து, பாதியைத் திருப்பி அனுப்புகிறவள். எங்கள் கல்யாணத்தில் சாப்பிடாத ஆள் கம்பெனியில் கிடையாது, ஆபீஸ் அறையில் இருப்பவர்களைத் தவிர. நல்லவர்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஓடினால்தான் ஓடுகிற வீடு இது.

மேனேஜர் முதல் வாரம் நோட்டும் கையுமாகச் சுற்றினார். தையல்காரி கட்டிங் ஆளை ‘அண்ணே’ என்கிறாள், கட்டிங் ஆள் ஸ்டோர்கீப்பரை ‘மாமா’ என்கிறான், ஸ்டோர்கீப்பர் முதலாளியையே ‘தம்பி’ என்கிறார். நாற்பத்தாறு பேரும் ஒரே குடும்பம் என்று கோடு போட்டுப் படம் வரைந்து மாமனாரிடம் நீட்டிவிட்டார். அவர் கோடு போடாமல் விட்டது ஒரே இடத்தில்தான்: எனக்கும் உன் தம்பி பெண்டாட்டிக்கும் நடுவில். வேலை நேரத்தில் அவள் என்னை ‘சார்’ என்பாள், நான் ‘மேடம்’ என்பேன். மாமனார் சிரித்த சிரிப்பில் அடுத்த வாரம் படிவம் வந்தது. ‘இங்கே வேலை செய்பவர்களில் யார் உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று ஒரே கேள்வி. டீ போடுகிறவர், ‘எல்லாரும் கப்பைக் கழுவி வைக்க வேண்டும்’ என்று எழுதினார். தையல்காரி, ‘ஆள் வேண்டாம், ஃபேன் வேண்டும்’ என்று எழுதினாள். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேனேஜர் இரண்டிரண்டு பேராக நேரில் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

எங்கள் முறை வந்த அன்றைக்கென்று மழை. குடைக் கம்பெனிக்காரன் வீட்டில் ஒழுங்காக விரிகிற குடை ஒன்றே ஒன்று. ஆபீஸ் அறைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க நான் முதல் பஸ், அவள் அடுத்த பஸ். போகிற அவசரத்தில் குடையை நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள், வந்த கையோடு இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

“ஏம்மா, இவரு உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள்.

“எனக்கு இவரு வேணவே வேணாம் சார். வேணும்னா நீங்களே வச்சுக்கோங்க.”

‘உறவில்லை’ என்று எழுதிக்கொண்டார். இவ்வளவு சுத்தமாகச் சொந்தம் இல்லாத ஆள் வேறு கிடைக்க மாட்டான் என்று, உறவினர்களைக் கண்டுபிடிக்கும் குழுவுக்கு என்னையே தலைவராகவும் போட்டுவிட்டார். வேலை தப்பியது. ஆனால் அக்கா, மனசு கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம், ஒரு தடவை திக்கியாவது இருக்கலாம். வீட்டுக்கு வந்து, “சும்மாதானே சொன்னே?” என்று கேட்டேன். “கேட்டதுக்குப் பதில் சொன்னேன்” என்று ஈரத்துணியைக் காயப்போடப் போய்விட்டாள். நாலு நாளாக வீட்டிலும் ‘சார்’தான்.

ஆகையால் கம்பெனிகள் சொந்தக்காரர்களை வேலைக்கு எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உன் மகனை அனுப்பாதே. வந்தால் முதலில் பிடித்துக் கொடுக்க வேண்டியவன் நான்.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். திட்டுவதாக இருந்தால் சாப்பிட்ட பிறகு திட்டு.

இப்படிக்கு,
உன் தம்பி (குழுத் தலைவர்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் மகன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். வரச்சொன்னது அவன் அத்தையாம், உன் தம்பி பெண்டாட்டிதான். மறுநாள் கம்பெனியில் “இங்க உனக்கு யாரு என்ன வேணும்?” என்று மேனேஜர் கேட்க, “எனக்கு வேலைதான் சார் வேணும்” என்றானாம், உடனே எடுத்துக்கொண்டார்கள், என் பிரிவிலேயே. தலைவர் என்ற முறையில் ‘உறவில்லை’ என்று கையெழுத்துப் போட்டேன். என்னை மாமா என்றே சத்தமாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் அண்ணன், மாமா என்கிற இடத்தில் ‘சார்’ என்றால்தான் ஆபத்து. இதையெல்லாம் பின்னால் நின்று படித்துவிட்டு உன் தம்பி பெண்டாட்டி சொல்கிறாள்: “நாளைக்கும் மழையாம். குடையை நான் எடுத்துக்கிறேன். வேணும்னா நீங்களும் கூட வாங்க.” வேணும் என்று சொல்லிவிட்டேன், அக்கா. நாளைக்கு ஒரே பஸ்.