பல்லைக் காட்டி வீடு கேட்ட கதை

சனிக்கிழமை காலைல எனக்கு ஒரே ஒரு வேலைதாங்க. கோயமுத்தூர் வடவள்ளியில வாடகைக்கு ஒரு வீடு பார்க்கணும்.

நானும் சம்சாரமும் அலையா அலைஞ்சு கண்டுபிடிச்ச வீடு. ரெண்டு பெட்ரூம், சிறுவாணித் தண்ணி, வண்டி நிறுத்த இடம். இப்ப இருக்கற வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணியே ஆகணும். இது கிடைக்கலைன்னா சட்டி பானையோட மாமனார் வீட்டுக்குத்தான் போகணும்.

"ஏனுங்க, அங்க வந்து உம்முன்னு உக்காந்திருக்காதீங்க. கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க"ன்னு சொல்லித்தான் சம்சாரம் கூட்டிட்டுப் போனா.

சொன்னதைச் செய்யற ஆளு நான். கேட்டைத் திறக்கும்போதே சிரிக்க ஆரம்பிச்சுட்டேன்.

வீட்டு ஓனர் ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். "வாங்க தம்பி, வா அம்மணி"ன்னு வாய் நிறையக் கூப்பிட்டவரு, என் வாயைப் பார்த்ததும் சுருங்கிப் போயிட்டாரு.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. புகையிலை போடற பழக்கமுங்களா?"

"ஐயையோ, இல்லீங்க!"

"முன்னால குடியிருந்த ஆளும் இப்படித்தானுங்க சொன்னாரு. செவுரு பூராத் துப்பி வெச்சுட்டுப் போயிட்டாரு. இனி அந்தப் பழக்கம் இருக்கறவங்களுக்கு ஊடு கிடையாதுன்னு முடிவு பண்ணிப்போட்டேனுங்க."

சம்சாரம் என் பல்லை உத்துப் பார்த்தா. "இதென்னங்க, இப்படிப் பழுப்படிச்சுக் கிடக்குது?"

கல்யாணம் ஆனதுல இருந்து அவ என்னை இவ்வளவு நேரம் பார்த்தது அன்னைக்குத்தான்!

விஷயம் இதுதாங்க. ஈறு வீங்கினப்ப பல் டாக்டரம்மா ஒரு மவுத்வாஷ் எழுதிக் குடுத்தாங்க. வாய் ஜிலுஜிலுன்னு இருந்துச்சா, விட மனசு வரலை. தீரத் தீர வாங்கினேன். காலைல கொப்புளிச்ச கையோட பேக்கரிக்குப் போயி ஸ்ட்ராங்கா ஒரு டீ. நடுவுல ஒரு நாள் கண்ணாடியில பல்லு மங்கலாத் தெரிஞ்சுது. உடனே பாத்ரூம் பல்பை மாத்தினேன். அவ்வளவு அறிவு!

இதை நான் விளக்கிச் சொன்னா, உள்ள இருந்து ஓனரம்மா குரல் வருது. "புகையிலை போடறவங்கதானுங்க, நாத்தம் தெரியக்கூடாதுன்னு அதை ஊத்திக் கொப்புளிப்பாங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. டாக்டரம்மாவுக்குப் போனைப் போட்டு, விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"அது புகையிலைக் கறை இல்லீங்க. அந்த மருந்துக்கே பல்லு பழுப்பாகும். கூட டீ, காப்பி குடிச்சா இன்னும் நல்லாப் பிடிச்சுக்கும். வந்தீங்கன்னா க்ளீன் பண்ணிடலாம்."

போன உசுரு திரும்பி வந்துச்சு. ஓனர் முகம் தெளிஞ்சுது. "மன்னிச்சுக்குங்க தம்பி, ஊட்டைப் பாருங்க"ன்னு சாவி எடுக்க உள்ள போனாரு. சம்சாரம் அதுக்குள்ள பக்கத்துலயே இருந்த அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னே ஸ்கிரீன் அளவெடுக்க ஆரம்பிச்சுட்டா.

அத்தோட போனைக் கட் பண்ணியிருக்கணும்.

"ஆமா, எத்தனை நாள் போட்டீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"அது ஆச்சுங்க... ஒரு ஆறு மாசம்."

"ஆறு மாசமா! பத்து நாள்ல நிறுத்துங்கன்னு அவ்வளவு சொன்னேனே!"

சாவியோட வந்தவரு வாசப்படியிலயே நின்னுட்டாரு.

"தம்பி, பத்து நாளுன்னா ஆறு மாசம் விடமாட்டீங்க போல. நான் பதினொரு மாசத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுக் குடுத்தா, நீங்க எந்தக் காலத்துலங்க காலி பண்ணுவீங்க?"

அன்னைக்கு நான் வாயை மூடினது அப்பத்தானுங்க.