இருபத்து மூன்று குழாய்களும் என் கத்தியும்

கையில் கத்தியைக் கொடுத்தால் சும்மா இருக்கத் தெரியாத குடும்பம் எங்களுடையது. அம்மா ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் தவறணையில் வேலை செய்தவள். தேயிலைக் கன்றுகளைப் பொலித்தீன் பைகளில் வளர்த்து நடவுக்கு அனுப்பும் இடம் அது. பைக்கு அடியில் வேர் வளையம் வளையமாகச் சுருண்டு கிடக்க ஒரு கன்றை அனுப்பினால் அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. அப்படி நட்ட செடி உருப்படாது. அதனால் பையின் அடியைச் சீவி, சுருளை வெட்டி எறிந்த பிறகுதான் கன்று வெளியே போகும். ஸ்கூல் லீவுகளில் நானும் ஆயிரக்கணக்கில் சீவியிருக்கிறேன். (அந்தக் கர்வம்தான் பின்னால் என் மானத்தை வாங்கியது.)

ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது பலாங்கொடைப் பக்கம் ஒரு சின்ன நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. நாட்டில் யுத்தம் ஓய்ந்து, வழியில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் கிளறுவது குறைந்திருந்த காலம். அங்கே நிலந்தி மிஸ் தன் பட்டத்துக்காக நெல் வேரை ஆராய்ந்துகொண்டிருந்தார். என்னை 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். பேச்செல்லாம் சிங்களம்தான். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நங்கி, தாய் நெல் சேற்று வயல் நெல். வேர் குட்டை. தகப்பன் சேனை நெல், காடு வெட்டிய மேட்டு நிலத்தில் விதைப்பது, மழை பொய்த்தாலும் வேரை ஆழமாக விட்டுத் தண்ணீர் தேடிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் நடுவாந்திரம். ஆனால் பேரப்பிள்ளைகளில்தான் தாத்தாவும் பாட்டியும் தனித்தனியாகத் தலைகாட்டுவார்கள். யாருக்கு எவ்வளவு வேர் என்று அளந்தால், அந்தக் குணம் எந்த மரபணுவில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கலாம்."

இரண்டு வருட உழைப்பின் பலனான அந்தப் பேரப்பிள்ளைகள் தொண்ணூறு பேரும், மண் நிரப்பிய மீற்றர் உயரக் குழாய்களில் ஆளுக்கொன்றாக, ஈர மணல் மேடையில் நின்றார்கள். அளவு முடிந்தால் மிஸ்ஸுக்குப் பட்டம். பட்டம் முடிந்தால் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கே சொல்லிவிட்டார்கள்.

அளக்கும் நாளைக்குக் கண்டியிலிருந்து, எங்கள் நிலையத்துக்கும் மிஸ்ஸின் ஆய்வுக்கும் பொறுப்பான பெரிய சேர் வருவதாக இருந்தது. என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதமும் அவர் ஃபைலில் வரும் என்று மிஸ் காதோடு சொல்லியிருந்தார். "காலையிலேயே குழாய்களைத் தூக்கிச் சுத்தமாக அடுக்கி வை" என்பது உத்தரவு.

ஆறரைக்கே போய்விட்டேன். முதல் சில குழாய்கள் சாதாரணம். பிறகு ஒன்றைத் தூக்கினால், அடியில் கட்டியிருந்த வலையைப் பொத்துக்கொண்டு வெள்ளை வேர்கள் கொத்தாக வெளியே வந்து, மணலில் சுருண்டு கிடந்தன. அடுத்ததும் அப்படியே. எனக்குப் பகீர் என்றது. ஐயோ பாவம் மிஸ், இதைக் கவனிக்கவே இல்லையே! பெரிய சேர் இந்த அலங்கோலத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

கத்தியை எடுத்தேன். இருபத்து மூன்று குழாய். ஒவ்வொன்றின் அடியையும் வழவழவென்று சீவினேன். வெட்டிய கொத்துகளைக் கூடையில் அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டினேன். குழாய்களை ஈரத்துணியால் துடைத்தேன். (அம்மா பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.)

பத்து மணிக்கு வேன் வந்தது. மிஸ் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"நங்கி, அடியால் வெளியே வந்தது எத்தனை? தாத்தா குணம் அவற்றில்தான் இருக்கிறது. வெளியே எவ்வளவு ஓடியிருக்கிறதோ அதுதான் முக்கியமான அளவு!"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது எனக்கே தெரியாது.

குழாயைப் பிளந்து, தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவி, வேரைக் கறுப்பு விரிப்பில் போட்டு சேர் அளந்தார். குழாயைப் பிடித்தது மிஸ், தண்ணீர் ஹோஸைப் பிடித்தது நான். நாற்பத்து மூன்று சென்ரிமீற்றர். அறுபத்தொன்று. பிறகு சரியாக நூறு. அப்புறம் இன்னொரு நூறு. மறுபடி நூறு. ஒவ்வொரு நூறுக்கும் என் கையில் ஹோஸ் தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் சேரின் சப்பாத்தைக் கழுவத் தொடங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மே மொக்கத? என்ன இது? இந்தச் சேனை நெல் ஒன்றரை மீற்றர் போகும் என்று நீதானே எழுதினாய். ஒன்றுகூடக் குழாயைத் தாண்டவில்லையே."

மிஸ் கொப்பியைப் புரட்டித் தன் பழைய குறிப்பைத் தேடினார்.

"தகப்பன் விதை மாறிப்போயிருக்கிறது. நீ செய்த கலப்பே தப்பு. இரண்டு வருடமும் வீண். முதலிலிருந்து தொடங்கு."

மிஸ் அழவில்லை. குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேனாவை மூடினார். அந்தக் கையைப் பார்த்தேன். சேரின் கக்கத்தில் இருந்த ஃபைலையும் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டால் எனக்கு நிரந்தர வேலை. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிடம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காது.

"நான்தாங்க வெட்டுனேன்!"

இருவரும் என்னை விழித்துப் பார்த்தார்கள். பயத்தில் சிங்களம் மறந்து தமிழ் வந்துவிட்டது, அவர்கள் இருவருக்கும் தமிழ் ஒரு சொல் தெரியாது. குற்றத்தை ஒரு தடவை ஒப்புக்கொள்வதே பெரும்பாடு. எனக்கு இரண்டு தடவை வாய்த்தது. சிங்களத்தில் சொன்னேன். கத்தியை வேறு சாட்சிக்கு எடுத்துக் காட்டினேன். (எதற்கென்று இன்றுவரை தெரியாது. சேர் இரண்டடி பின்வாங்கினார்.)

"வெட்டியது எங்கே?" என்றார்.

குப்பைக் குழியைக் காட்டினேன். அடுத்த ஒரு மணி நேரம், மழை பிடித்துக்கொள்ள, பெரிய சேர் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, நிலந்தி மிஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, மூன்று பேரும் குழிக்குள் குந்தி வேர் பொறுக்கினோம். சேரின் காலில் இரண்டு அட்டை ஏறியது. அவர் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இருபத்து மூன்று கொத்தும் கிடைத்தன. எந்தக் கொத்து எந்தக் குழாய்க்குரியது என்று கடவுளுக்கும் தெரியாது. சேர் மிக நீளமான ஒன்றை விரித்து அளந்து, மெதுவாகச் சொன்னார்: "விதை சரி. கலப்பும் சரி. இந்தப் பிள்ளை மட்டும்தான் பிழை."

அப்போதுதான் மிஸ் அழுதார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ சேற்றுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார். மிச்சம் வைத்திருந்த விதையை மறுபடி போட்டு வளர்க்க நாலு மாதம் ஆனது. கலியாணமும் நாலு மாதம் தள்ளிப்போனது. என் கடிதம் ஃபைலோடு கண்டிக்குத் திரும்பிப் போய், ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது.

உடனடியாக வந்தது ஓர் அறிவித்தல் பலகை: 'வேர்களை வெட்டாதீர்கள்', மூன்று மொழியிலும். தமிழை எழுதியது நானேதான். அந்த நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

வேலை நிரந்தரமானதும் அம்மாவை இடம் காட்டக் கூட்டிப் போனேன். நடந்தது எதையும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அம்மா பலகைக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி வாசித்து, முகத்தைச் சுளித்தாள்.

"எந்தக் கூறுகெட்டது இத எழுதுனுச்சு? சுருண்ட வேர வெட்டாம எப்புடி நடுவாங்க?"

பக்கத்தில் நின்ற மிஸ், அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு அம்மாவுக்குத் தெரிந்த சிங்களத்திலேயே, குழி முதல் அட்டை வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

அம்மா முழுதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெட்டுனவளும் நீ, வெட்டாதன்னு எழுதுனவளும் நீயா?"

இப்போது என் பிள்ளைகளுக்கு நான் எந்தப் புத்திமதி சொல்ல வாய் திறந்தாலும், அந்த ஒரு கேள்விதான் கோரஸாக வருகிறது.