வலது தோளில் ஒன்றுமில்லை

ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் காப்புறுதி உண்டு. பல்லுக்கு, சைக்கிளுக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடியை உடைத்தால் அதற்கும். நாவூறுக்கு, அதுதான் ஆட்கள் புகழ்வதால் பிள்ளைக்கு வரும் கேட்டுக்கு, மட்டும் இல்லை. ஆகவே அந்த வேலையை நானே பார்த்து வந்தேன். யாராவது என் மகனைப் புகழ்ந்தால் உடனே அவனில் ஒரு குறை சொல்லிவிடுவேன். "நல்ல வளத்தி" என்றால், "எங்க, ஒழுங்காச் சாப்பிடுறேல்லை." "கணக்கில கெட்டிக்காரனாம்" என்றால், "அது லேசான சோதினை." (எல்லாம் பாசம்தான். வெளியில் தெரியாது.)

என் மகன் ஆரன் பேஸ்போலில் பந்து எறிகிறவன். ஹம்பேர்க்கில் பேஸ்போலா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே, கிரிக்கெட்டில் வளர்ந்த என் கணவர் கேட்டுவிட்டார். மகன் முழங்கையை மடக்கி எறிந்ததை முதல்முறை பார்த்தபோது, "எங்கட ஊரில இதுக்கு நோ-போல் குடுப்பினம்" என்று தலையில் கைவைத்தார்.

ஆரனுக்குப் பதினேழு வயதில், ஒரு அமெரிக்க அணிக்கு ஆள் தேடும் ஹெர் பெர்க் என்பவர் அவனைப் பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்தால் அந்த அணியின் கீழ்மட்டக் குழு ஒன்றில் இடம் கிடைக்கும். அவன் ஐந்து வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

சனிக்கிழமை காலை, நல்ல குளிர்காற்று. ஹெர் பெர்க் வேலிக்குப் பின்னால் நின்று, போலீஸ்காரர் காருக்குப் பிடிப்பது போன்ற ஒரு கருவியைப் பிடித்தார். மணிக்கு நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது. (அந்த வேகத்தில் என் கணவர் ஓட்டோபான் நெடுஞ்சாலையில்கூட ஓடியதில்லை.) ஹெர் பெர்க் என் பக்கம் திரும்பினார்.

"இப்படி ஒரு கையை நான் பத்து வருஷத்தில் பார்க்கவில்லை."

சுற்றி நின்ற பெற்றோர் எல்லாரும் என் பிள்ளையின் கையையே பார்த்தார்கள்.

"எங்க... பெரிசா ஒன்றுமில்லை. அடிக்கடி தோள் நோகுது என்பான்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "எந்தத் தோள்?"

"வலது."

"எவ்வளவு காலமாக?"

புத்தியுள்ளவள் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள். நானோ, குறை பெரிதானால் காவலும் பெரிது என்று நினைத்தேன். "ரெண்டு வருஷம் இருக்கும்."

நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள் என்பது அவருக்கு முன்பே தெரியும். என் சொல்லை வைத்தியரின் சொல்லைப்போல எழுதிக்கொண்டு, பயிற்சியாளருக்குக் கைகாட்டினார். பன்னிரண்டாவது பந்தோடு ஆரனை நிறுத்திவிட்டார்கள்.

அவன் ஓடிவந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அம்மா, எனக்கு எப்ப தோள் நொந்தது?"

"அண்டைக்குச் சொன்னியே..."

"அது அரிசி மூட்டையை மூண்டாம் மாடிக்குத் தூக்கச் சொன்ன நேரம்! தூக்க மனமில்லாத பஞ்சியில சொன்னது!"

என் கணவர் என்னைப் பார்த்தார். "மனுசி, நீ போட்டதுதான் நோ-போல்."

ஹெர் பெர்க் கருவியைக் காரில் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். நான் சொன்னது பொய் என்றேன். "ஒரு தாய் ஏன் அப்படிப் பொய் சொல்லவேண்டும்?" என்று உண்மையாகவே குழம்பிக் கேட்டார். நாவூறை ஜெர்மன் மொழியில் விளக்கிப் பார்த்தேன். புகழ்ந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்றதும் மெதுவாகக் கார்க்கதவை மூடப் பார்த்தார்.

வேறு வழியில்லை. "என்ர மகன் மிகத் திறமாக எறிகிறவன்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறை. அதன்பிறகு நிறுத்தத் தெரியவில்லை. இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறிப் பயிற்சிக்குப் போவதைச் சொன்னேன். பனிக்காலத்தில் நிலவறைச் சுவருக்கு எறிந்து எறிந்து வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்ததைச் சொன்னேன். தோற்ற நாளில் யாரையும் குறை சொல்லாமல், தன் சேற்று உடுப்பைத் தானே தோய்ப்பதைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். ஹெர் பெர்க் இரண்டுமுறை மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரி, சரி," என்றார் கடைசியில். "வைத்தியர் பார்க்கட்டும். இப்போது இன்னும் எட்டுப் பந்து எறியட்டும்."

திரும்பினால், ஆரன் எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். நேரே போய் எட்டையும் எறிந்தான். கடைசிப் பந்து நூற்று நாற்பத்தைந்து.

வீடு திரும்பும்போது காரில் கேட்டான்: "அம்மா, அதெல்லாம் உங்களுக்கு முதலே தெரியுமா?"

"ஓம்" என்றேன்.

இப்போது அவன் அமெரிக்காவில் அந்தக் கீழ்மட்டக் குழுவில் எறிகிறான். ஆனால் ஹெர் பெர்க் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. வருஷா வருஷம் குழுவின் வைத்தியர் கோப்பைத் திறந்து, "தாய் சொல்கிறார்: இரண்டு வருஷ வலி" என்று வாசித்துவிட்டு, அவனுடைய வலது தோளை அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாராம். போன கிழமை ஆரன் போனில் பேசினான்; ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம்.

"அம்மா, இந்த முறையும் ஒண்டுமில்லையாம். இவ்வளவு நல்ல தோளைத் தான் கண்டதே இல்லையாம்."

நான் வாயைத் திறந்தேன். "எங்க..."

என் கணவர் போனைப் பறித்துக்கொண்டு மற்ற அறைக்கு ஓடிவிட்டார்.