வாசலில் வந்து நிற்கும் சரித்திரம்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே உங்கள் தங்கையும் என் மகளும் நலம். என் மானம் மட்டும் நலமில்லை. உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என நம்புகிறேன். இதைப் படித்ததும் ஏறட்டும்.

"துறைமுகத்துக்குப் பக்கம், காத்து பிச்சுக்கிட்டு வரும், அந்தக் காலத்துல கயிறு குடோன்" என்று சொல்லித்தானே இந்த வீட்டை என் தலையில் கட்டினீர்கள்? முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் ஊரார் முகவரியைச் சரிபார்த்தவன், சொந்த முகவரியை விசாரிக்காமல் குடிவந்துவிட்டேன். ஐம்பது வருடத்துக்கு முன்பு கப்பல் வந்தால் விடிய விடிய விளக்கெரிந்த தெருவாம் இது; அதிலும் நம் வீடுதான் தலைமை அலுவலகமாம். தெருப் பெயரைச் சொன்னால் டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். போன மாதம் கைத்தடியோடு ஒரு கிழட்டு மாலுமி வந்து மணியடித்தார். கதவைத் திறந்த என்னையும் என் பனியனையும் தொப்பையையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "தெரு ரொம்பக் கெட்டுப்போச்சு" என்று சொல்லித் திரும்பிப் போனார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குப் பிடித்த அந்தப் பையன் தன் அம்மாவோடு கல்யாணம் பேச வந்தான். காபி கைக்கு வந்த நேரம் பார்த்து, சரித்திரச் சுற்றுலா வழிகாட்டி இருபது பேரோடு கீழே நின்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்தான்: "மேல பாருங்க, பச்சை ஜன்னல், அந்த ரூம்லதான்..." அந்த ரூமில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான் இருமினேன். உங்கள் தங்கை ஓடிப்போய் மிக்ஸியைப் போட்டாள். அவன் மிக்ஸியையும் மிஞ்சினான். பையனின் அம்மா முகம் வெளுத்து, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நாலு நாளாகத் தகவல் இல்லை. மகள் சாப்பிடுவதில்லை, என்னோடு பேசுவதுமில்லை.

ஆகவே நீங்கள் உடனே அந்த அம்மாவைப் பார்த்து, இது கயிறு குடோன்தான் என்று சத்தியம் செய்ய வேண்டும். உங்களுக்கு அது புதிதில்லை. கையோடு வேறு வீடும் பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
உங்களை நம்பிக் கெட்ட
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: வேறு வீடு பார்க்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அந்த அம்மாவே தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுவரைத் தொட்டபடி, "எங்கம்மா இங்க இருந்தவங்க. நான் இந்த ரூம்லதான் பொறந்தேன். தெரிஞ்சா வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் அன்னைக்கு எந்திரிச்சுப் போயிட்டேன்" என்றார். உங்கள் தங்கைதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்: "அப்போ இது உங்க பொறந்த வீடு, சம்பந்தி. பொறந்த வீட்டுக்கு வந்துட்டு யாராவது வெறும் வயித்தோட போவாங்களா?"