பெட்டித் திறப்பு விழாவும் ஒரு பயனாளியும்

இந்தியா டிஜிட்டல் யுகத்துக்குள் எந்த இடத்தில் காலடி எடுத்து வைத்தது என்று பிற்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்யக்கூடும். அவர்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாம். டில்லி லக்ஷ்மிபாய் நகரில், எங்கள் தமிழ் அன்பர் மன்றக் கூடத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில்தான். நான் அந்த மன்றத்தின் இணைச் செயலாளன். ஆகவே நான் சொல்வதில் மிகை இருக்காது.

மன்றத்தில் 1982 ஏஷியாட் விளையாட்டுக் காலத்து டி.வி. ஒன்று உண்டு. மரக் கதவு வைத்தது. பல வருஷங்களாக அதில் எந்தச் சானலிலும் அடைமழைதான். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனாத் தட்டும் டி.வி.க்குக் கீழே ஒரு பெட்டியும் வைத்தால், மாதக் கட்டணம் இல்லாமல் சென்னையே கண்ணாடி மாதிரி தெரியும் என்று 2004 கடைசியில் கேள்விப்பட்டோம். பல கூட்டங்கள் போட்டு வாங்கினோம். பழைய டி.வி.யைத் தூக்கிப் போடாமலே புதிய யுகத்துக்குள் நுழைந்துவிடலாம் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்களையும் இதுவரை யாரும் தூக்கிப் போடவில்லை அல்லவா?

பெட்டி வந்தால் போதுமா? திறப்பு விழா வேண்டாமா? விழா என்றால் ஒரு 'பயனாளி' வேண்டாமா? தலைவர் பட்டாபி மத்திய அரசில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். பயனாளி இல்லாத திட்டத்தை அவர் கண்டதே இல்லை. பயன் இல்லாத திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறார்.

தெய்வாதீனமாக, பயனாளி எங்கள் கூடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள். பெயர் குஞ்சம்மாள். விழுப்புரம் பக்கம். ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளே வாயைத் திறந்து கேட்டாள்.

"சார், எம் மவன் விஜயன் கபடி ஆடறான். பொங்கலன்னிக்கு மத்தியானம் பைனலு. டிவில நேராக் காட்டறாங்களாம். இந்தப் பொட்டில தெரியுமா?"

"பேஷாத் தெரியும்," என்றார் பட்டாபி. "முன் வரிசையில, சோபாவுல உக்காந்து பாக்கப்போறே. ஏழைத் தாய், நவீன விஞ்ஞானம், வெற்றி வீரன்! ஓய் ஏகாம்பரம், இதை அழைப்பிதழ்லயே போட்டுடும்."

பொருளாளர் ஏகாம்பரம் போட்டுவிட்டார். மகன் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை.

பொங்கலன்று டில்லியில் மூடுபனி. சிறப்பு விருந்தினர் வேதாந்தம் மிகப் பெரிய அதிகாரி என்பதால் மிகத் தாமதமாக வந்தார். அதற்குள் தமிழ்நாட்டில் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் கை படாமல் பெட்டியைத் திறப்பதா? குஞ்சம்மாள் இரவல் பட்டுப் புடவையும் சாமந்தி மாலையுமாக சோபா நுனியில் காத்திருந்தாள்.

தலைவரின் மனைவி ருக்கு மாமி பெட்டிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். அதன் நெற்றி நடுவில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் விட்ட இடம்! மாமி தாராளமாகவே அப்பினார்.

வேதாந்தம் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். படம் வந்தது. கைதட்டல் எழுந்தது. திரையில் ஒருவர் இந்தியில் உருளைக்கிழங்குக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அச்சா! வெரி கிளியர்!" என்றார் வேதாந்தம்.

தமிழுக்கு மாற்றப் பட்டாபி ரிமோட்டை அமுக்கினார். உருளைக்கிழங்கு. மறுபடி அமுக்கினார். உருளைக்கிழங்கு. அந்தப் பெட்டிக்கு உடம்பில் பொத்தானே கிடையாது. எல்லாம் ரிமோட்தான். பாட்டரி மாற்றினோம். உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

"தட்டு மெட்ராஸைப் பாக்கலை சார். அப்புறம் தமிழ் எப்படி வரும்?" என்றார் ஏகாம்பரம்.

அறிவார்ந்த கேள்வி. மாடிக்கு ஆள் அனுப்பித் தட்டைத் திருப்பினோம். உருளைக்கிழங்கும் போய்விட்டது. பழையபடி வைத்ததும் உருளைக்கிழங்கு திரும்பியது. இதை ஓர் 'இடைக்கால வெற்றி' என்று அறிவித்தோம்.

குஞ்சம்மாள் எழுந்தாள். "சார், முனிர்காவுல படிக்கிற புள்ளைங்க ரூம்ல தமிழ் டிவி வருதாம். ஆட்டோல ஓடுனா கடைசியாச்சும் பாத்துருவேன். போவட்டா?"

"நீ போயிட்டா யாரை வெச்சு போட்டோ எடுக்கறது?" என்றார் பட்டாபி. "போட்டோகிராபர் வந்துண்டே இருக்கான். உக்காரும்மா, தமிழ் ஜல்தி வந்துடும்."

பெரிய அதிகாரி அமர்ந்திருக்கும்போது பயனாளி எழுந்து போவது நிர்வாக நடைமுறையில் இல்லை. நானே அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மாலையையும் சரிசெய்தேன். கிடைத்த அவகாசத்தில் வேதாந்தம் தகவல் புரட்சியைப் பற்றி உரையாற்றினார். பயனாளி உரையைக் கவனிக்கவில்லை. செடிக்குப் பின்னாலிருந்து மகன் ஓடி வந்துவிடுவான் என்பது போல உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சரோஜினி நகரிலிருந்து போட்டோகிராபர் பாட்டியா வந்து காமிராவில் கண்ணை வைத்தார். "பெட்டியில என்ன சாப், கறை?" என்று இந்தியில் முனகி, நாங்கள் தடுப்பதற்குள் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். பட்டாபியின் விரல் இன்னும் ரிமோட்டில்தான் இருந்தது.

தமிழ் வந்தது! "இத்துடன் நேரலை நிறைவடைகிறது" என்றது ஓர் இனிய குரல். மைதானத்தில் யாரும் இல்லை. இரண்டு பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எம் மவன் எங்க சார்?"

"படத்தைப் பாரும்மா! நாற்காலிக் கால் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியறது!" என்றார் பட்டாபி.

குஞ்சம்மாள் அழுதாள். நாங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டோம். பாட்டியா மின்னல் அடித்தார்.

அந்தப் படம், பெரிதாக்கி, சட்டமிட்டு, இன்று கூடத்தில் தொங்குகிறது. கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று பொன் எழுத்து. குங்குமம்தான் ரிமோட்டின் ஒளியை மறைத்தது என்கிறான் பெட்டி விற்றவன். குங்குமத்தைக் குறை சொல்லும் விஞ்ஞானத்தை மன்றம் ஏற்பதற்கில்லை.

குஞ்சம்மாள் இப்போதும் வருகிறாள். டி.வி.யை, பெட்டியை, தண்ணீர்ப் பானையைக்கூடப் பளிச்சென்று துடைக்கிறாள். அந்தப் படத்தை மட்டும் தொடுவதில்லை. இது கடமை தவறுதல் ஆகையால், மன்றத்தின் சார்பில் விளக்கம் கேட்டேன்.

"ஏம்மா, போட்டோவை மட்டும் ஏன் துடைக்கறதில்லே? எங்க முகமெல்லாம் ஒரே தூசி."

"அன்னிக்கு அந்தப் பொட்டியத் தொடச்சிருந்தா எம் மவன் தெரிஞ்சிருப்பான் சார்," என்றாள். "இதத் தொடச்சா நீங்கதான தெரிவீங்க?"