கடைவாய்ப் பல்லும் கௌரவ அட்டையும்

ஆண்டுக் கட்டணம் உள்ள ஒரு கடன் அட்டையை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா என்ற கேள்வி, சாதாரணக் குடும்பமொன்றில் காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிடக் கூடியது. வேண்டுமென்றால் பணத்தைக் கட்டுவார்கள். வேண்டாமென்றால் கத்தரிக்கோலை எடுப்பார்கள். ஆனால் இந்தக் குடும்பத்தின் தலைவர் எடை அளவைத் துறையில் கண்காணிப்பாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அந்த அலுவலகத்தில் முடிவு என்ற ஒன்றை எவரும் எடுத்ததில்லை. அங்கே எல்லாம் பரிசீலனையில் இருக்கும். பரிசீலனையில் இருப்பவை ஒருநாள் தாமாகவே ஏதோ ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்துக்கு முத்திரை விழும்.

அட்டை கறுப்பு நிறம்; உலோகத்தால் ஆனது. மேசைமேல் வைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அலுவலகத்தில் அந்த ஆண்டு அதுதான் மோஸ்தர். சாப்பாட்டுக் கடையில் பில் வந்ததும் மேசையைச் சுற்றி நான்கைந்து 'டக்' கேட்கும். பிளாஸ்டிக் அட்டை மட்டுமே வைத்திருந்த தட்டச்சர் அந்த நேரம் பார்த்துக் கைகழுவப் போய்விடுவார். 'டக்' நின்ற பிறகே திரும்புவார். முதல் ஆண்டு இலவசம் என்றதால் கண்காணிப்பாளரும் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டாம் ஆண்டு பிறக்கப் போகிறது, மாத இறுதிக்குள் கட்டணம் எடுக்கப்படும் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது.

அதே வாரத்தில் அவர் மனைவிக்குக் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. அவள் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் மருந்தாளுநர். எந்த மாத்திரை எதைத் தணிக்கும், எதைத் தணிக்காது என்று நன்றாக அறிந்தவளாதலால், மாத்திரையால் தன்னை ஏமாற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, "இந்த மாசத்துக்குள்ள வேர் சிகிச்சை செஞ்சு கேப் போட்டா பல்லைக் காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டீங்கன்னா பிடுங்கறதைத் தவிர வழியில்ல," என்றார். அவர் கேட்ட முன்பணம், அட்டையின் ஆண்டுக் கட்டணம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு.

அவளுடைய சம்பளம் கைக்கு வருமுன்பே வீட்டுக் கடனுக்குப் போய்விடும். ஆகவே இடது பக்கமாக மென்றுகொண்டே கணவரிடம் சொன்னாள்: "ஏங்க, அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அந்தப் பணத்துல பல்லைப் பாத்துக்கறேன்."

கண்காணிப்பாளர் செய்தித்தாளை மடித்தார். "நீ ரெண்டு விஷயத்தை ஒண்ணாக் கலக்கற. பல்லுங்கறது செலவு. கார்டுங்கறது கொள்கை. கொள்கை முடிவாகாம செலவுக்கு அனுமதி கொடுக்க முடியாது."

"கொள்கைக்கு வலிக்கலையே. எனக்குத்தானே வலிக்குது."

"அதனாலதான் விரைந்து பரிசீலிக்கலாம்ங்கறேன்."

விரைந்து பரிசீலிப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் குழு கூடியது. வல்லுநராக அழைக்கப்பட்டவன் அவருடைய தம்பி. குளிர்சாதனப் பெட்டி விற்பவன். சீட்டுக்கட்டைப் போல் அட்டைகளை விரித்துக் காட்டும் வழக்கமுடையவன்.

"அண்ணி, நீங்க கட்டணத்தை மட்டும் பாக்கறீங்க. சலுகையைப் பாக்க மாட்டேங்கறீங்க," என்றான் அவன். "விமான நிலையத்துல ஓய்வறை இலவசம். கோல்ஃப் கத்துக்கலாம். பெட்டி வாங்கினா பாதி விலை."

"உங்க அண்ணன் விமானத்துல எப்போ போனார்?"

"போகலைங்கறது வேற அண்ணி. போனா உக்காரலாம்ங்கற உரிமை வேற."

"கோல்ஃப்?"

"ஆடலை. ஆடாததால அந்தச் சலுகை தேயாம அப்படியே இருக்கு," என்றார் கண்காணிப்பாளர். இந்தத் தருக்கம் அவருக்கே மிகவும் பிடித்துப்போனதை முகம் காட்டியது. "பயன்படுத்தாத சலுகையெல்லாம் கையிருப்புதானே."

"அப்படிப் பாத்தா நாம பெரிய பணக்காரங்க," என்றாள் அவள். சொல்லும்போது பல் சுரீர் என்றது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் அதை இசைவு என்று எடுத்துக்கொண்டான்.

இறுதியில் கண்காணிப்பாளர் தம் துறையின் தலையாய விதியை எடுத்து முன்வைத்தார். முழுப் பாரம் ஏற்றிச் சோதிக்காமல் எந்தத் தராசையும் செல்லாதென்று தள்ளக் கூடாது. நூறு கிலோத் தராசில் நூறு கிலோவையும் ஏற்ற வேண்டும். காலித் தட்டைப் பார்த்துத் தராசு சரியில்லை என்று சொல்பவர் அளவைத் துறைக்குத் தகுதியற்றவர். அட்டைக்கும் ஒரு கொள்ளளவு உண்டல்லவா. அதன் உச்சவரம்பு வரை ஏற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் தள்ளுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதே முறை.

"வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கறதுக்கா முழுசா செலவு பண்ணணும்?" என்று மனைவி கேட்டாள்.

"செலவில்ல. சோதனை."

சோதனை தொடங்கியது. முதலில் பாதி விலையில் பெட்டிகள் வந்தன. பெரியதற்குள் நடுத்தரம், நடுத்தரத்துக்குள் சிறியது என்று மூன்று; பாதி விலை என்பது மூன்றாவதற்கு மட்டுமே பொருந்தும் என்று பிறகு தெரிந்தது. அடுத்து, கோல்ஃப் பயிற்சி இலவசம். ஆனால் அதற்கான காலணி இல்லாதவரைப் புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள். காலணி வாங்கப்பட்டது. பயிற்சியாளர் அவரை அரை மணி நேரம் குனிந்து நிற்கச் செய்து, அடுத்த முறை பந்தைக் காட்டுவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஓய்வறையைச் சோதிக்க விமானச் சீட்டு தேவை. இருப்பதிலேயே மலிவான ஊருக்கு இரண்டு சீட்டு எடுத்தார். ஓய்வறை வாசலில் ஒரு பெண் அட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார் போகலாம். மேடத்துக்குத் தனிக் கட்டணம்," என்றாள். சோதனைக்கு ஒருவர் போதும் என்று கண்காணிப்பாளர் கருதினார். மனைவி கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு நாற்காலியில், கையை முட்டுக்கொடுத்து, கன்னத்தைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவர் சூப்பைக் குடிப்பதும், அதில் ஏதோ குறை கண்டு மற்றொரு கிண்ணம் வாங்குவதும் தெரிந்தது. வரும்போது காகிதக் கைக்குட்டையில் ஒரு கேக் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"மெத்துன்னுதான் இருக்கு. கடிக்க வேண்டியதே இல்ல," என்றார்.

விமானம் ஏறிய சூட்டில் இறங்கியது. அந்த ஊரில் அவர்களுக்கு வேலை ஒன்றுமில்லையாதலால், நேரே பேருந்து நிலையத்துக்குப் போய், பகல் முழுவதும் குலுங்கிக்கொண்டே வீடு திரும்பினார்கள். ஒவ்வொரு வேகத்தடையையும் அவள் தன் பல்லால் அறிந்தாள். சாலை போட்ட பொறியாளர்கூட அந்தச் சாலையை அத்தனை நுட்பமாக அறிந்திருக்க மாட்டார்.

மறுநாள் அவளே வங்கிக்குத் தொலைபேசி போட்டு, ஒலிபெருக்கியை அழுத்திக் கணவர் முன் வைத்தாள். தேன் தடவிய குரலில் ஓர் அதிகாரி பேசினாள்.

"உங்களை மாதிரி மதிப்புமிக்க வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போறது வருத்தமா இருக்கு சார்."

"வருத்தப்படாம மூடிடுங்க," என்றாள் மனைவி.

"தாராளமா மேடம். பாக்கி இல்லைன்னா இந்த நிமிஷமே மூடிடலாம்."

"பாக்கி இருக்கே. சோதனை பண்ணியிருக்கார்."

"அப்போ மூட முடியாது மேடம்."

"அடைக்கறதுக்கு வழி?"

"சின்னச் சின்னத் தவணையா மாத்தித் தரோம் மேடம். கட்டணம் கட்டி கார்டைத் தொடர்ந்து வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் அந்த வசதி."

"அதாவது, கார்டை மூடணும்னா கார்டு வேணும்."

"ரொம்பச் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க மேடம்," என்று அதிகாரி மனமாரப் பாராட்டினாள். "வேற ஏதாவது உதவி செய்யட்டுமா?"

தொலைபேசியை வைத்தபோது கண்காணிப்பாளரின் முகத்தில் ஓர் அமைதி படர்ந்திருந்தது. பரிசீலனையில் இருந்த விஷயம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதை யாரும் தள்ளவில்லை. "பாத்தியா, அவசரப்பட்டு முடிவெடுத்திருந்தா தப்பாப் போயிருக்கும்," என்றார். மாத இறுதியில் ஆண்டுக் கட்டணம் தானாகவே கழிந்தது.

பல் மட்டும் பரிசீலனைக்குக் காத்திருக்கவில்லை. மாதம் பிறந்த சில நாட்களில் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். வெளியே கண்காணிப்பாளர் வரவேற்பாளரின் மேசைமேல் அட்டையை 'டக்' என்று வைத்தார்.

பில்லைக் கண்டதும் அவர் கண்கள் விரிந்தன. வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் கேட்ட தொகை எங்கே, பிடுங்குவதற்குக் கேட்ட தொகை எங்கே. வீட்டுக்கு வரும் வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டார்: அட்டை மட்டும் இல்லாதிருந்தால் முதல் வாரமே பல்லுக்கு முழுத் தொகையையும் கொட்டியிருக்க வேண்டும். அட்டை இருந்ததால் தாமதம், தாமதத்தால் மிச்சம். ஆகவே மிச்சம் அனைத்தும் அட்டையின் வரவு. மனைவி பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.

மாலையில் அதே மாடியிலிருந்த அண்டை வீட்டார் நலம் விசாரிக்க வந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். அவள் கன்னத்தை ஒரு நொடி பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார்கள். அவர் மிச்சக் கணக்கைச் சொல்லி அட்டையைக் கொடுத்தார். கறுப்பு உலோகம் கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவரும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்கள்.

"பல்லுல மட்டும் அவ்வளவு மிச்சமா?" என்றார் எதிர்வீட்டு வக்கீல்.

"முதல் வருஷம் இலவசம் வேற," என்றான், அண்ணியைப் பார்க்க வந்திருந்த கொழுந்தன். "நாம யாரையாவது சேத்துவிட்டா, தலைக்கு இவ்வளவுன்னு நமக்குப் பாயிண்ட் வரும். அதை மட்டும் பணமாவே எடுத்துக்கலாம்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். பலன் தராத மருந்தைப் பலன் தருமென்று சொல்லி யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை என்பது அவளுக்கு வேலையில் உள்ள ஒரே பெருமை. அண்டை வீட்டார் அதை அறிவார்கள்; காய்ச்சலுக்குக்கூட அவளைக் கேட்டுத்தான் மாத்திரை வாங்குவார்கள்.

"நீங்க சொல்லுங்க அக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "உங்க வார்த்தையை நம்பி வாங்கறேன். நல்ல கார்டுதானா?"

அவள் நாக்கு பல் இருந்த குழியைத் தடவிப் பார்த்தது. கொழுந்தனை அருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "செயற்கைப் பல் ஒண்ணு கட்டறதுக்கு எத்தனை பேரைச் சேக்கணும்?"

அவன் மனத்துக்குள் கணக்கிட்டான். "ஆறு பேர் அண்ணி."

அவள் தலைகளை எண்ணினாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "நல்ல கார்டு. தைரியமா வாங்கிக்கோ," என்றாள். கணவரின் பக்கம் திரும்பினாள்.

"கீழ் வீட்டு டீச்சரையும் ஒரு நிமிஷம் மேல வரச் சொல்லுங்க."